கரடி வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காட்டுப்பன்றி வேட்டையைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இளஞ்செம்பனைக் கன்றுகளின் குருத்தைப் பன்றிகள் கிளறித் தின்னும் காலத்தில், லைசென்ஸ் உள்ள ஒருவர் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வந்து இறங்குவார். பின்னால் ஒரு கூட்டமே போகும். சுட்ட பன்றி அதே இடத்தில் சுருண்டு விழுந்துவிட்டால் எல்லோருக்கும் கொண்டாட்டம்தான். ஆனால் அடிபட்ட பன்றி லாலாங் புல்லுக்குள் புகுந்துவிட்டால்? அதுவரை துப்பாக்கிக்காரருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்வார்கள். சுட்டவர் காரில் ஏறிப் போய்விடுவார். மறுநாள் விடியற்காலையில் அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்களின் நெஞ்சில்தான் பயம் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பன்றி நூறு கிலோ இருந்தாலே அதிகம். அதற்குப் பதிலாக, 680 கிலோ எடையுள்ள ஒரு கரடி குண்டடி பட்டுப் புதருக்குள் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ அரிசி மூட்டைகள் பதின்மூன்றுக்கு மேல் சேர்த்துக் கட்டியது போன்ற உடம்பு! எழுந்து நின்றால் பத்தடி உயரம். அதைத் தேடி ஒருவர் உள்ளே போயாக வேண்டும். அவர் கையில் என்ன துப்பாக்கி இருக்க வேண்டும்? அதைவிட முக்கியமாக, முதல் குண்டைச் சுட்டவர் கையில் என்ன துப்பாக்கி இருந்திருக்க வேண்டும்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஒவ்வோர் ஆண்டும் வேட்டைப் பருவத்துக்கு முன்னால் துப்பாக்கிக் கடைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் காரசாரமாக விவாதிக்கப்படும் கேள்வி இது.

கோடியாக் தீவின் ராட்சதர்கள்

அலாஸ்கா, 1867ஆம் ஆண்டில் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய பனி நாடு. அதன் தெற்குக் கரைக்கு அப்பால் கடலில் கிடக்கிறது கோடியாக் தீவுக்கூட்டம். அங்கே வாழும் பழுப்புக் கரடிகள் ஏறத்தாழ 3,500. ஆறுகளில் ஏறிவரும் சால்மன் மீன்களைத் தின்று தின்று கொழுத்தவை. பருமனில் இவற்றுக்கு ஈடு சொல்லத் துருவக் கரடியைத் தவிர வேறு கரடி இல்லை. 1941இல் அந்தத் தீவின் பெரும்பகுதியை இந்தக் கரடிகளுக்காகவே காப்பிடமாக ஒதுக்கினார்கள்.

காப்பிடத்தில் வேட்டையா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், உண்டு, ஆனால் கடுமையான கணக்கு வழக்கோடு. அனுமதிச் சீட்டுக்குக் குலுக்கல் நடக்கிறது. சீட்டு கிடைத்தவர் நான்கு ஆண்டுகளில் ஒரு கரடிக்கு மேல் சுடக் கூடாது. குட்டியைச் சுடக் கூடாது. குட்டியோடு இருக்கும் தாயையும் தொடக் கூடாது. கோடியாக் தாய்க்கரடி தன் குட்டிகளை மூன்று ஆண்டு வரைகூடக் கூடவே வைத்து வளர்க்கும். ஆகவே ஒரு தாயை இழந்தால் அந்தக் கணக்கைச் சரிக்கட்டப் பல காலம் ஆகும். விமானத்தில் போய் இறங்கிய அன்றே சுடவும் தடை. ஆகாயத்திலிருந்து கரடியைப் பார்த்து வைத்துக்கொண்டு, கீழே இறங்கியதும் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக மறுநாள் அதிகாலை வரை காத்திருக்கச் சொல்கிறது சட்டம்.

வெளிமாநிலத்தார் பழுப்புக் கரடியை வேட்டையாட வேண்டுமானால் லைசென்ஸ் பெற்ற வழிகாட்டி ஒருவர், அல்லது அலாஸ்காவிலேயே குடியிருக்கும் நெருங்கிய உறவினர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். வெளிநாட்டாருக்கு வழிகாட்டி இல்லாமல் முடியவே முடியாது. இப்படி வழிகாட்டியோடு ஒரு முறை போய்வர 20,000 அமெரிக்க டாலருக்கு மேல் செலவு. நம் வீட்டுப் பெண்கள் இதைக் கேட்டால், அந்தப் பணத்துக்கு எத்தனை பவுன் வாங்கலாம் என்றுதான் கணக்குப் போடுவார்கள். நியாயம்தான்!

நம் நாட்டுக் காட்டிலும் கரடி இருக்கிறது. மார்பில் பொன்னிறப் பிறை போட்ட கரிய கரடி. மலாய்க்காரர்கள் 'பெருவாங் மாடு', தேன் கரடி, என்பார்கள். உலகக் கரடி இனங்களிலேயே ஆகச் சிறியது. தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது முழுப் பாதுகாப்புப் பெற்ற பிராணி. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நண்பர்கள் யாரும் துப்பாக்கியைத் துடைக்கக் கிளம்பிவிட வேண்டாம். நாம் பேசுவது அலாஸ்காக் கதை.

காலிபர் என்றால் என்ன?

தோட்டத்தில் நாம் பார்த்தது பன்னிரண்டு போர் துப்பாக்கி. அந்தப் பன்னிரண்டுக்கு ஒரு வேடிக்கையான பொருள் உண்டு. குழலின் வாய்க்குள் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து நிறுத்தால் ஓர் இராத்தல் வரும். அதனால்தான் அந்தப் பெயர். அதன் குழல் உட்புறம் வழவழப்பானது. சில்லுக் குண்டுகளைக் கைப்பிடித் தானியம் போல் வாரி இறைக்கும். ஓடும் பன்றிக்கும் பறக்கும் பறவைக்கும் அது போதும்.

ரைபிள் வேறு சாதி. அதன் குழலுக்குள் திருகு போலப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். வெளியே வரும் ஒற்றைக் குண்டு பம்பரம் போலச் சுழன்றுகொண்டே போவதால் பாதை தவறாமல் நெடுந்தூரம் போகும். அந்தக் குழல்வாயின் குறுக்களவுதான் காலிபர். அங்குலத்தை நூறு பங்காக்கி, அதில் முப்பது பங்கு என்றால் முப்பது காலிபர். நம் அளவில் 7.62 மில்லிமீட்டர்.

இந்த முப்பது காலிபரில் உலகப் புகழ் பெற்றது 'தர்ட்டி ஆட் சிக்ஸ்'. அமெரிக்க ராணுவம் 1906இல் ஏற்றுக்கொண்ட தோட்டா என்பதால் பெயரில் அந்த ஆறு ஒட்டிக்கொண்டது. நூறு ஆண்டு கடந்தும் அலாஸ்காவில் அதற்கு மவுசு குறையவில்லை. மான், கருங்கரடி, பெரிய மூஸ் மான் எல்லாவற்றுக்கும் அதையே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அதற்கு மேல் பெரிய படிகள் இருக்கின்றன. 1958இல் வின்செஸ்டர் கம்பெனி கொண்டுவந்த 338 மேக்னம் ஒன்று. அதற்கென்று செய்த ரைபிளுக்கு 'அலாஸ்கன்' என்றே பெயர் வைத்தார்கள் என்றால் யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்று புரிந்துகொள்ளலாம். இன்னொன்று, லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912இல் செய்த 375. ஆப்பிரிக்காவின் பெரிய விலங்குகளுக்காகப் பிறந்த இது, பிறகு அலாஸ்கா வழிகாட்டிகளின் தோளிலும் ஏறிக்கொண்டது.

வித்தியாசத்தை நம் வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். தர்ட்டி ஆட் சிக்ஸில் போடும் கனமான குண்டு 14 கிராமுக்குச் சற்று மேல். ஏறத்தாழ ஒன்றே முக்கால் பவுன். 375இன் குண்டு 19 கிராமுக்கு மேல். கிட்டத்தட்ட இரண்டரைப் பவுன். அந்த இரண்டரைப் பவுன், நொடிக்கு 2,500 அடி வேகத்தில் பாய்கிறது. எதிரே இருப்பது கரடியாக இருந்தாலும் சரிதான்.

குண்டு உடைந்தால் போச்சு!

காலிபரைப் பற்றி இரவு முழுதும் வாதாடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள். குழல் எத்தனை பெரியதாக இருந்தாலும், கரடியின் உடம்புக்குள் போய் வேலை செய்வது குண்டு. பழுப்புக் கரடியின் ரோமம் அடர்த்தி. அதற்குக் கீழே கொழுப்பு. அதற்கும் கீழே தடித்த தசையும் தோள் எலும்பும். இத்தனையையும் துளைத்துக்கொண்டு இதயத்தையும் நுரையீரலையும் எட்ட வேண்டும். போகிற வழியில் குண்டு சிதறிப்போனால் மேல்காயத்தோடு கரடி எழுந்து ஓடும்.

ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டார். சேறு அப்பிய அதன் தோளில் பட்ட குண்டுகள் உள்ளே போகாமல் உடைந்துவிட்டன. ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. குண்டின் நடுவே செம்பில் ஒரு குறுக்குச் சுவர் வைத்தார். முன்பாதி காளான் போல விரியும். பின்பாதி உருக்குலையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 'பார்ட்டிஷன்' என்று பெயரிட்டு 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கரடி வேட்டைக்குப் போகிறவர்கள் இன்றும் கேட்டு வாங்கும் குண்டுகளில் அதுவும் ஒன்று.

1983இல் அமெரிக்க வனத்துறை ஒரு சோதனை வெளியிட்டது. கரடிக் காட்டில் வேலை செய்யும் தன் ஊழியர்களுக்கு எந்தத் துப்பாக்கி உயிர்காக்கும் என்று தெரிந்துகொள்ள, 15 கஜ தூரத்திலிருந்து பலவகைத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தார்கள். 458, 375, 338 ஆகிய பெரியவை முன்வரிசையில் நின்றன. அதில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் கனமான குண்டு போட்ட பழைய தர்ட்டி ஆட் சிக்ஸும் அவற்றோடு சேர்ந்து நல்ல பெயர் வாங்கிவிட்டது! நமக்குப் பழக்கமான பன்னிரண்டு போர், ஒற்றைக் குண்டு போட்டுச் சுட்டும் அந்த ரைபிள்களுக்குப் பின்னால்தான் நின்றது.

தோளுக்குத் தெரியும் உண்மை

அப்படியானால் ஆகப் பெரியதையே வாங்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

குண்டு முன்னால் போகும் வேகத்துக்கு ஏற்பத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். 375இன் உதை தர்ட்டி ஆட் சிக்ஸின் உதையைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். நாலு முறை சுட்டால் தோள் கன்றிப்போகும். முகத்தை மிக நெருக்கமாக வைத்துச் சுடுகிறவர்களுக்கு மேலே பூட்டிய தொலைநோக்கி புருவத்தில் இடித்து ரத்தம் வந்துவிடும். ஒரு முறை அப்படி அடிபட்டவர் அடுத்த முறை விசையை இழுக்கும்போது தன்னை அறியாமலே கண்ணை மூடிக்கொள்வார், தோள் சிலிர்க்கும், குண்டு எங்கோ போகும். ஊசி போட வரும் நர்சைக் கண்டதும் கையை இறுக்கிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கதைதான்.

அலாஸ்கா அரசின் மீன், வனவிலங்குத் துறை வேட்டைக்காரர்களுக்குச் சொல்லும் அறிவுரையில் இதைத்தான் அழுத்திச் சொல்கிறது. கோடியாக் கரடிக்கு 300 மேக்னமோ 338 மேக்னமோ பொருத்தம்தான். ஆனால் சிறிய துப்பாக்கியைச் சுடுவது போலவே அதையும் குறி தவறாமல் சுட முடிந்தால் மட்டும். பளபளக்கும் புது மேக்னத்தோடு வந்து இறங்குகிறவரைக் காட்டிலும், தேய்ந்துபோன தர்ட்டி ஆட் சிக்ஸைக் கைப்பழக்கத்தோடு கொண்டுவருகிறவரைத்தான் அனுபவப்பட்ட வழிகாட்டிகள் விரும்புகிறார்களாம். வழிகாட்டிகளின் பெரிய புகார்களே இரண்டுதான். ஒன்று, வருகிறவருக்கு மலை ஏற உடம்பில் தெம்பு இல்லை. மற்றொன்று, அவருக்குத் தன் துப்பாக்கியைச் சுடத் தெரியவில்லை.

பயிற்சி என்பது மேசைமேல் மணல் மூட்டை போட்டு, அதன்மேல் துப்பாக்கியை வைத்துச் சுடுவது அல்ல. கோடியாக் மலைச்சரிவில் யார் மேசை போட்டு வைத்திருக்கிறார்கள்? மண்டியிட்டு, உட்கார்ந்து, நின்று, மூச்சு வாங்கும்போதும் சுட்டுப் பழக வேண்டும். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வட்டத்துக்குள் எல்லாக் குண்டுகளும் விழும் தூரம் எதுவோ, அதுவே அந்த மனிதரின் தூரம். அதற்கு மேல் போனால் கரடி எத்தனை பெரியதாக இருந்தாலும் விசையைத் தொடக் கூடாது. கரடி பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்கால் தோளை ஒட்டிய இடம்தான் குறி.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். கையால் தாழ்ப்பாள் இழுத்துப் போடும் போல்ட் ரைபிளைத்தான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். எளிய அமைப்பு, மழையிலும் சிக்காது. கடற்காற்றும் மழையும் ஓயாத இடம் என்பதால் துருப்பிடிக்காத எஃகுக் குழலுக்குக் கிராக்கி. குழல்வாயில் தண்ணீர் போகாமல் மேலே சின்னத் துண்டு டேப் ஒட்டிக்கொள்வார்கள். தோட்டத்தில் மழைக்கோட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளும் நம் புத்திசாலித்தனம் அங்கேயும் இருக்கிறது!

பெல்லா ட்வின் கதை

பெரிய துப்பாக்கிப் பேச்சு கிளம்பும் இடத்தில் யாராவது ஒருவர் பெல்லா ட்வினை இழுத்துவிடுவார். 1953 மே மாதம், கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஸ்லேவ் ஏரிப் பக்கம், கிரீ இனத்தைச் சேர்ந்த இந்த அறுபது வயது தாண்டிய அம்மாள் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். கையில், சின்னப் பிராணிகளைச் சுடும் 22 காலிபர் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. பையன்கள் தகரக் குவளையைக் குறிவைத்துப் பழகும் ரகம். எதிரே வந்தது பிரம்மாண்டமான கிரிஸ்லி கரடி. மறைந்து நின்று பார்த்தார். மிக அருகில் வந்துவிட்டது. ஓடினால் பிடித்துவிடும் என்று தோன்றியிருக்க வேண்டும். பக்கவாட்டில் தலையைக் குறிவைத்துச் சுட்டார். கரடி விழுந்தது. அம்மாள் அத்தோடு விடவில்லை. மறுபடி மறுபடி தோட்டா போட்டு அதே இடத்தில் சுட்டு, செத்ததை உறுதி செய்துகொண்டார். மண்டையோட்டை அளந்தபோது அது அன்றைய உலக சாதனை!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வேட்டை அல்ல. உயிர் தப்ப வேறு வழியில்லாமல் நடந்த காரியம். வாழ்நாள் முழுதும் காட்டில் பொறி வைத்துப் பிழைத்த அந்த அம்மாளுக்குக் கரடியின் மண்டையில் எந்த இடம் மெல்லியது என்று தெரிந்திருந்தது. இதைப் படித்துவிட்டு 22ஐத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவருக்கு அது தெரியாது. அலாஸ்காவில் அந்த ரகத் தோட்டாவால் கரடியைச் சுடுவது சட்டப்படியே குற்றம்.

புதருக்குள் போகிறவர் யார்?

குறி ஒரு சாண் தவறிவிட்டது என்று வையுங்கள். கரடி ஆல்டர் புதருக்குள் பாய்ந்து மறைந்துவிடும். ஆல்டர் என்பது ஆள் உயரத்துக்கு மேல் பின்னிப் பிணைந்து கிடக்கும் செடி. உள்ளே நாலு முழத்துக்கு அப்பால் கண் தெரியாது. கரடியின் ரோமமும் கொழுப்பும் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால் தரையில் சொட்டுக்கூட விழாமல் போகலாம். பின்தொடர அடையாளம் இல்லை.

கோடியாக்கில், அடிபட்ட கரடி கிடைக்காமல் போனாலும் அது வேட்டைக்காரரின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். அவருடைய வேட்டை முடிந்தது. ஆனால் வழிகாட்டியின் வேலை அப்போதுதான் ஆரம்பம். காயம்பட்ட பிராணியை அப்படியே விட்டுவிடக் கூடாது. அவர்தான் முன்னால் நுழைவார். அதனால்தான் பல வழிகாட்டிகளின் கையில் 375, 416, 458 என்று கனத்த துப்பாக்கிகள். தூரத்தில் நிற்கும் கரடியைச் சுடுவதற்காக அவற்றை அவர்கள் சுமக்கவில்லை. யாரோ ஒருவருடைய தவறிய குண்டுக்காகச் சுமக்கிறார்கள். பெரிய துப்பாக்கியின் பெருமைக்காக 20,000 டாலர் கொடுத்து வந்தவர் கூடாரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், வழிகாட்டியின் மனைவி வீட்டில் விமானச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். நம் லயத்துப் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மீன் பிடிக்கவோ பழம் பறிக்கவோ காட்டுக்குப் போகிறவர்களுக்கும் துப்பாக்கி வேண்டுமா? இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மிளகாயின் காரத்தைக் காற்றழுத்தத்தில் அடைத்த தெளிப்பான் டப்பாக்கள் அங்கே கடையில் விற்கின்றன. அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்து 2008இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடியின் மீது அதைத் தெளித்தவர்களுக்கு நூற்றுக்கு 92 தடவை அது கைகொடுத்திருக்கிறது. அதே ஆய்வாளர்கள் 2012இல், துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கரடியிடம் சிக்கிய 269 சம்பவங்களைப் பார்த்தார்கள். துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் முடிவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பாய்ந்து வரும் கரடியை அந்த ஓரிரு நொடியில் குறிபார்த்துச் சுடுவது அத்தனை கடினம். மிளகாய் நம் சமையலறைச் சரக்கு என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைதான்!

கருங்கரடியின் இறைச்சியை அலாஸ்கா மக்கள் சமைத்துச் சாப்பிடுவார்கள். ஆனால் அதில் டிரிக்கினெல்லா என்ற நுண்புழு இருக்கக்கூடும். குளிர்பெட்டியில் உறையவைத்தாலும் சாகாத வகைகள் அதில் உண்டு. உள்பக்கம் 71 டிகிரி சூடு ஏறும்வரை வேகவைக்க வேண்டும்.

குண்டு சரியாகப் பட்டு, கரடி விழுந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தோலையும் மண்டையோட்டையும் வனவிலங்குத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே அளவெடுத்து, முத்திரை பூட்டி, ஒரு சிறிய பல்லைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தில் தெரிவது போல வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணினால் அந்தக் கரடி எத்தனை குளிர்காலம் குகையில் உறங்கி எழுந்தது என்பது தெரிந்துவிடும்.